நாலு கதவு பிரிட்ஜ்: ஒன்றரை வருட அனுபவம்

ஈரோட்டில் எங்கள் டிபன் கடைக்கு ஆயிரம் லிட்டர் நாலு கதவு ஸ்டீல் பிரிட்ஜ் ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினேன். பட்டறையின் பெயர் வேண்டாம். பொருள் மோசமில்லை, பாதித் தப்பு என்னுடையது.

முதல் ஆறு மாதம் குறையே இல்லை. பங்குனி பிறந்ததும் தகராறு. காலையில் கதவைத் திறந்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. டிஸ்பிளேயில் மட்டும் 4 டிகிரி. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை இரவு முழுக்க விட்டு, காலையில் தெர்மாமீட்டரைப் போட்டேன்: 11. சென்சார் குளிர்காற்று வரும் வாயிலிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதற்கென்ன கவலை!

மெக்கானிக் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிடுச்சுண்ணா" என்றார். குளிர வைக்கும் கேஸை நிரப்ப 3,500 ரூபாய். அந்த வாரம் கோடை மழை, பிரிட்ஜ் சமாளித்தது. வெயில் திரும்பியதும் மாவு மறுபடி பொங்கியது. கேஸ் தானாகக் குறையாது, கசிந்தால்தான் குறையும். கசிவு எங்கே என்று கேட்காமலே காசை நீட்டியிருக்கிறேன்.

அப்புறம் நானே கீழே இருக்கும் ஜாலியை, அதாவது காற்றுப் போகும் ஓட்டைத் தகட்டை, கழற்றினேன். உள்ளே சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரே தெரியவில்லை. தோசைக்கல் புகையும் மாவுத்தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. நடுவே வெங்காயத் தோல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷால் தகடு போகும் திசையிலேயே தேய்த்து, புளோயர் அடித்தேன். சுவரை ஒட்டி நின்றதை அரை அடி முன்னால் இழுத்தோம். ஒரு கதவின் ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த ரப்பரையும் மாற்றினோம். மூன்றாம் நாள் டம்ளர் தண்ணீர் 4 காட்டியது.

பாடி, கீல், காப்பர் காயில் எல்லாம் திருப்தி. கம்ப்ரசரும் கண்டென்சரும் சேர்ந்த மெஷினைக் கீழே வைத்ததுதான் எங்கள் சமையலறைக்குச் சரிப்படவில்லை. மேலே வைத்தாலும் புகை உள்ளே போகும்தான், தோலும் மாவும் போகாதே. விலை குறைவு என்று கண்ணாடிக் கதவு விசி கூலரை மட்டும் மாவுக்கு வாங்கிவிடாதீர்கள். அது கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்குச் செய்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து மூடும் அடுப்படியில் தாங்காது.

இப்போது மாதம் ஒருநாள் கடை மூடியதும் ஜாலியைக் கழற்றுகிறோம். போன தடவை உள்ளேயிருந்து ஒரு பார்சல் டோக்கன் வந்தது.