பல்கனியில் ஒரு மேதை, பக்கத்தில் என் மாமி

திருகோணமலை நகருக்குள் இருக்கும் தியேட்டர்தான், பெயர் வேண்டாம். இருக்கை நல்லது. குளிரூட்டி தாராளம், மாமி சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டுதான் பார்த்தார்.

குறை திரையில். ஸ்கோப் எனும் அகலப் படத்தின் அகல-உயர விகிதம் 2.39:1. அந்த அகலத்தைத் திரைக்குள் அடக்காமல் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள். கூட வந்த நண்பன், கொழும்பில் ஒரு திரைப்பட விழா பார்த்து வந்த நாளிலிருந்து குரோசாவா, தார்க்கோவ்ஸ்கி என்று வெளிநாட்டு இயக்குநர்களை இழுக்காமல் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. "சட்டகத்தையே கொலை செய்திட்டாங்கள், மச்சான்" என்று இடைவேளை வரை புலம்பினான். மாமி ஒரே வரியில் கேட்டார்: "தம்பி, வில்லன்ட பாதி முகத்தைக் காணேல்லையே?"

இரண்டும் ஒரே முறைப்பாடுதான். மாமி சொன்னது கன்டீன் பையனுக்கும் விளங்கியது.

கன்டீன் ரோல்ஸ் நல்ல சூடு, உறைப்பும் அளவு. படம் ஓடும்போது சாப்பிடுவது இயக்குநருக்கு அவமரியாதை என்றான் மேதை. விளக்கு அணைந்ததும் மாமியின் பையில் ஒரு ரோல்ஸ் குறைந்தது. குத்துப்பாட்டுக்கு அவன் கால் தாளம் போட்டதையும் பார்த்தேன். வெளியே வந்ததும், "திரைக்கதை தட்டை" என்றான். (அழுததைச் சொல்லவில்லை.) மாமிக்கோ கடைசியில் இருவரும் சேர்ந்ததே போதும்.

குடும்பமாகப் போகலாம். நடு வரிசை கேளுங்கள், முன்னுக்கு இருந்தால் கழுத்துப் பிடிக்கும். மேதை யாராவது கூட வந்தால், படம் முடிந்ததும் பிரட்றிக் கோட்டைப் பக்கம் இறக்கிவிடுங்கள். அங்கே நிற்கும் மான்களுக்கு விளக்கட்டும்.