சாயாத மூணு சக்கர பைக்குக்கு வென்ட் வச்ச மீடியம் ஷீல்டும் லோயர் டிஃப்ளெக்டரும்: ஓட்டிப் பார்த்த ரிவியூ

முதல்ல முடிவைச் சொல்லிடறேன், அவசரத்துல படிக்கிறவங்களுக்கு வசதியா இருக்கும். முன்னாடி ரெண்டு சக்கரம் பின்னாடி ஒண்ணு இருக்கிற பைக்குல ஹைவே ஓட்டுறவங்க காசு செலவு பண்ணணும்னு நினைச்சா எக்ஸாஸ்ட், லைட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல காத்தைச் சரி பண்ணுங்க. அதுலயும் உயரமான பெரிய ஷீல்டு (முன்னாடி காத்தைத் தடுக்கிற ஒளி ஊடுருவுற பலகை) தேடி ஓடாதீங்க. வென்ட், அதாவது காத்து நுழையற திறப்பு வச்ச நடுத்தர உயர ஷீல்டு ஒண்ணு, கால் பக்கம் வர காத்தைத் திருப்பி விடற லோயர் டிஃப்ளெக்டர் ஒரு ஜோடி, இது போதும். நான் ஓட்டுறது கேன்-ஆம் கம்பெனியோட ஸ்பைடர் F3, கால முன்னாடி நீட்டி உட்கார்ற க்ரூஸர் பொசிஷன். மாட்டின செட்டோட பிராண்ட் பேரை நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா இதே அமைப்புல நிறைய பேர் செஞ்சு விக்கிறாங்க, வாங்கறப்போ பேரை விட வடிவத்தையும் உயரத்தையும் பாக்கணும்னு தான் இந்த ரிவியூவே எழுதறேன்.

ரெண்டு சக்கர பைக்குல இருந்து இதுக்கு மாறினவங்க எல்லாரும் சொல்ற ஒரு விஷயம், "காத்து ரொம்ப அடிக்குதுப்பா". அதே ஸ்பீடு, அதே ஹெல்மெட், ஆனா ஒரு மணி நேரத்துல தோள் ரெண்டும் வலிக்க ஆரம்பிச்சிடும். ஏன்னு பாத்தா, சாதாரண பைக்குல சைடு காத்து அடிச்சா வண்டியும் நாமளும் சேர்ந்து காத்து பக்கமா சாயறோம், அது தானா நடக்குது. ஸ்பைடர், அதே கம்பெனியோட ரைக்கர், பின்னாடி ரெண்டு சக்கரம் இருக்கிற ஹார்லியோட ட்ரை க்ளைடு இதெல்லாம் சாயாது. வண்டி தரையோட தட்டையா நிக்கும், மேல நம்ம உடம்பு மட்டும் தனியா ஆடும். உடம்பு கையோட சேர்ந்திருக்கு, கை ஹேண்டில்பாரோட சேர்ந்திருக்கு, இந்த வண்டியில ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புறோமோ அந்தப் பக்கம் தான் போகும், அதனால காத்து நெஞ்சைத் தள்ளினா அந்தத் தள்ளல் நேரா ஸ்டீயரிங்குக்கே போயிடுது. வண்டி லேன்ல அலையுதுன்னு புலம்புறவங்க பாதிப் பேருக்கு வண்டியில ஒரு குறையும் இருக்காது, காத்து அவங்க தோளைப் பிடிச்சு ஸ்டீயரிங் ஓட்டிட்டு இருக்கும். யமஹா நிக்கன், பியாஜியோ MP3 மாதிரி சாயற மூணு சக்கர வண்டிக்கு இந்தக் கணக்கு வேற, அதனால கீழ நான் சொல்றது எல்லாம் சாயாத டைப்புக்கு மட்டும்னு எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, F3 மாதிரி காலை முன்னாடி நீட்டி உட்கார்றப்போ உடம்போட பாரத்தைத் தாங்க முன் சாய்வு கிடையாது. ஸ்போர்ட்ஸ் பைக்குல குனிஞ்சு உட்கார்ந்தா காத்தே நெஞ்சைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், இங்க காத்து நம்மள பின்னாடி தள்ளும், நாம கையால ஹேண்டிலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போகணும். காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும்ங்கிறது தெரிஞ்சது தான், ஆனா நம்பரா பாத்தா தான் உறைக்குது: 80 கி.மீ. வேகத்துல இருந்து 120க்குப் போனா வேகம் ஒன்றரை மடங்கு, அழுத்தம் ரெண்டே கால் மடங்கு. எதிர்க்காத்து 30 கி.மீ. வேகத்துல இருந்தா நீங்க 100ல போனாலும் உடம்புக்கு அது 130. ஷீல்டு இல்லாம 100ல போறப்போ உடம்பு மேல சுமார் இருபது கிலோ அளவுக்குத் தள்ளுற விசை இருக்கும். அதை மணிக்கணக்கா கையால இழுத்துப் பிடிச்சா தோள் வலிக்காம என்ன பண்ணும்.

சரி, அப்போ பெரிய ஷீல்டு போட்டு மொத்தமா மறைச்சிடலாமேன்னு தான் எல்லாரும் யோசிப்பாங்க. ஹெல்மெட்டுக்கு மேல போற உயரத்துல ஒரு ஷீல்டை கொஞ்ச காலம் மாட்டி ஓட்டிப் பாத்தேன். நெஞ்சுல காத்து சுத்தமா நின்னுடுச்சு, உண்மை. ஆனா முதுகுல இருந்து ஒரு தள்ளல் ஆரம்பிச்சுது. பெரிய பலகைக்குப் பின்னாடி காத்தோட அழுத்தம் குறைஞ்சு போகும், அந்தப் பள்ளத்தை நிரப்ப பக்கத்துல இருந்தும் பின்னாடி இருந்தும் காத்து சுழன்டு உள்ள வரும், ஆத்துல பாறைக்குப் பின்னாடி தண்ணி சுழலுமே அதே சங்கதி. அந்தச் சுழல் ஹெல்மெட்டைப் பிடிச்சு படபடன்னு ஆட்டுது பாருங்க, அதைத் தான் பஃபெட்டிங்னு சொல்றாங்க, கண்ணு முன்னாடி ரோடே அதிருற மாதிரி ஆயிடும். நேரா அடிக்கிற சுத்தமான காத்து எவ்வளவு பலமா இருந்தாலும் கழுத்து பழகிக்கும், இந்த ஆட்டம் பழகவே பழகாது. மூணு சக்கர வண்டி வேற ஒன்றரை மீட்டர் அகலம், முன் சக்கரமும் மட்கார்டும் ரெண்டு பக்கமும் காத்தைக் கலக்கி விடுது, அந்தக் கலங்கின காத்து தான் ஷீல்டோட சைடு வழியா உள்ள நுழையுது. அதனால ரெண்டு சக்கர பைக்குல நல்லா வேலை செஞ்ச ஷீல்டோட உயரக் கணக்கை அப்படியே இங்க கொண்டு வந்து போட முடியாது.

இப்போ மாட்டியிருக்கிற செட்டுக்கு வரேன். ஷீல்டு பாலிகார்பனேட், மேல் விளிம்பு லேசா வெளிய வளைஞ்சிருக்கு, அடியில மூடித் திறக்கிற வென்ட் ஒண்ணு இருக்கு. இந்த வென்ட் தான் ஹீரோ. திறந்து விட்டா கொஞ்சம் காத்து ஷீல்டுக்கு அடியில நுழைஞ்சு அந்த அழுத்தக் குறைவை நிரப்பிடுது, முதுகுத் தள்ளல் பெரும்பாலும் போயிடுது, ஹெல்மெட் ஆட்டமும் அடங்கிடுது, வெயில்ல நெஞ்சுக்கு மெல்லிசா காத்தும் கிடைக்குது. குளிர்லயும் மழையிலயும் மூடிக்கலாம், மூடினா ஆட்டம் கொஞ்சம் திரும்ப வரும், அதைத் தவிர்க்க முடியல. ஓட்டுறப்போ க்ளவுஸ் போட்ட கையால வென்ட்டைத் தள்ளுறது கஷ்டம், நிறுத்திட்டுத் தான் பண்ணணும், இது ஒரு மைனஸ்.

உயரம் எப்படிப் பாக்கறதுன்னா, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு வழக்கமா உட்கார்ற மாதிரியே உட்காருங்க, நிமிர்ந்து போஸ் குடுக்காதீங்க, ஓட்டுறப்போ யாரும் அப்படி உட்கார்றதில்ல. ஷீல்டோட மேல் விளிம்பு உங்க மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல வரணும். விளிம்பைத் தாண்டின காத்து அதுக்கும் மேல எகிறித் தான் போகும், அதனால விளிம்பு கண்ணுக்குக் கீழ இருந்தாலும் காத்து தலைக்கு மேல போயிடும், ரோட்டையும் பிளாஸ்டிக் வழியா பாக்காம நேரா பாக்கலாம். மழையில, ராத்திரியில எதிர் லைட் அடிக்கிறப்போ இதோட அருமை தெரியும், கீறல் விழுந்த ஷீல்டு வழியா பாத்தா எதிர வர ஹெட்லைட் ஒவ்வொண்ணும் நட்சத்திரமா சிதறும். உங்க ஷீல்டு சரியான உயரம் தானான்னு டெஸ்ட் பண்ண ஈஸியான வழி ஒண்ணு இருக்கு: ஆள் இல்லாத நேர் ரோட்டுல சீரான ஸ்பீடுல போறப்போ உடம்பை கொஞ்சம் மேல தூக்குங்க, அப்புறம் கொஞ்சம் கீழ இறக்குங்க, எந்தப் பக்கம் போனா சத்தமும் ஆட்டமும் சட்டுனு குறையுதோ அதை வச்சு முடிவு பண்ணலாம். தூக்கினா சரியாகுதுன்னா ஷீல்டை இறக்கணும், இறக்கினா சரியாகுதுன்னா ஏத்தணும்.

லோயர் டிஃப்ளெக்டர் பத்தி தனியா சொல்லியே ஆகணும், நிறைய பேர் இதை அழகுக்கு மாட்டறதுன்னு நினைக்கிறாங்க. முன் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல வர காத்து தான் முழங்கால்ல அடிச்சு, ஜாக்கெட்டுக்கு அடியில புகுந்து, நெஞ்சு வழியா மேல ஏறி ஹெல்மெட்டோட அடிப்பக்கத்துல முட்டுது. மேல ஷீல்டை மாத்தி மாத்திப் போட்டும் தீராத ஆட்டத்துக்குக் காரணம் பல சமயம் இந்தக் கீழ்க்காத்து தான். டிஃப்ளெக்டர் மாட்டின அப்புறம் முழங்கால் ரெண்டும் காத்துல விரிஞ்சு போறது நின்னுச்சு, தொடை இறுக்கிப் பிடிக்க வேண்டிய வேலை இல்ல, மழையில முன் சக்கரம் வாரி அடிக்கிற தண்ணியும் கணிசமா குறைஞ்சுது. ஒரே ஒரு கவலை, எஞ்சின் சூடு. வெயில் காலத்துல டிராஃபிக்ல ஊர்றப்போ காலைச் சுத்தி சூடு நிக்குது, காத்தோட்டம் இல்லாததால வெளிய போக வழியில்ல. அதனால கழட்டி மாட்டற டைப்பா வாங்குங்க. நான் வச்சிருக்கிறது ரெண்டு ஸ்க்ரூ தான், வெயில் உச்சத்துல கழட்டி டிக்கியில போட்டுடறேன்.

சைடு காத்துல இந்த செட் எப்படின்னு தான் எனக்கு ரொம்ப ஆர்வமா இருந்துச்சு. 100ல போறப்போ சைடுல இருந்து 30ல அடிக்கிற காத்து நமக்கு நேர் சைடுல இருந்து வராது, முன்பக்கத்துல இருந்து 17 டிகிரி விலகி வர மாதிரி தான் வந்து சேரும். அதனால ஷீல்டு பாதி உடம்பை மறைக்கும், காத்து வர பக்கத்துத் தோள் மட்டும் வெளிய மாட்டிக்கும், உடம்பு முறுக்கிக்கிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். இந்த ஷீல்டு தோள் மட்டத்துல கொஞ்சம் அகலமா இருக்கிறதால அந்த முறுக்கல் குறைஞ்சுது, முழுசா போகல. லாரியைத் தாண்டுறப்போ முதல்ல அதோட பின்னாடி சுழல்ல தலை ஆடும், முன் முனைக்கு வந்ததும் லாரி தள்ளிக்கிட்டு வர காத்து நம்மள வெளிய தள்ளும். இதுக்கு எந்த ஷீல்டும் மருந்தில்ல, பிடியைத் தளர்த்தறது தான் வழி. முழங்கையை லேசா மடிச்சு, தொடையாலயும் வயித்தாலயும் உடம்பைத் தாங்கிக்கிட்டு, கையை ஹேண்டில் மேல சும்மா வச்சிருந்தா வண்டி அதும்பாட்டுக்கு நேரா போகும். இறுக்கிப் பிடிச்சா உடம்போட ஒவ்வொரு ஆட்டமும் ஸ்டீயரிங்குக்குப் போகும்.

இதே காரணத்துக்காக, ஷீல்டு எங்க மாட்டுதுன்னும் பாருங்க. ஹேண்டில்பாரோட சேர்ந்து திரும்புற ஷீல்டுல அடிக்கிற காத்து ஸ்டீயரிங்கையே திருப்பப் பாக்கும். பாடியில, ஃப்ரேம்ல நிலையா நிக்கிற ஷீல்டுல அந்தத் தொல்லை இல்ல. ஹார்லியிலயே ட்ரை க்ளைடோட பேட்விங் ஃபேரிங் (ஷீல்டு உட்கார்ற வவ்வால் இறக்கை வடிவ முன் மூடி) முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்கோட சேர்ந்து திரும்பும், 2023ல வந்த ரோட் க்ளைடு 3யோட ஃபேரிங் ஃப்ரேம்ல நிக்கும். எனக்கு ஃப்ரேம் மவுன்ட் தான் பிடிக்கும், காத்தடிக்கிற நாள்ல வித்தியாசம் கையில தெரியும்.

சத்தத்தைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. ஷீல்டு சரியா இருந்தாலும் ஹைவே ஸ்பீடுல ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தம் எஞ்சின் சத்தத்தை விட அதிகம். 85 டெசிபலை 8 மணி நேரம் கேக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா 15 நிமிஷம் தான்னு ஒரு கணக்கு இருக்கு. ஹெல்மெட்டுக்குள்ள இந்த 100ஐத் தொடுறது ஒண்ணும் அபூர்வம் இல்ல. தயவுசெஞ்சு இயர்ப்ளக் போடுங்க, போன காது திரும்பாது. ப்ளக் போட்டா களைப்பும் நல்லாவே குறையுது. அதை ஷீல்டோட ஒரு பாகமாவே நினைச்சு வாங்குங்க.

பின்னாடி உட்கார்றவங்களைக் கேக்காம எந்த ஷீல்டையும் முடிவு பண்ணாதீங்க. அவங்க சீட் உயரம், நம்ம தலைக்கு மேல தாண்டின காத்து நேரா அவங்க முகத்துல இறங்கும். உயர ஷீல்டு போட்டப்போ என் மனைவிக்கு அரை மணி நேரத்துலயே கழுத்து வலி வந்துடும், இப்போ உள்ள செட்டுல காத்து அடிக்குது ஆனா ஆட்டம் இல்லன்னு சொல்றாங்க, நீண்ட பயணத்துக்கும் மறுக்காம வர்றாங்க. அவங்க முதுகுக்கு டாப் பாக்ஸோட பேக்ரெஸ்ட் இருந்தா இன்னும் நல்லது.

மாட்டறது சுலபம், ஆனா ஒரு விஷயம் கவனம். போல்ட் கழண்டுடும்னு பயந்து மரையை ஒட்டிப் பிடிக்கிற த்ரெட்லாக்கர் திரவம் போடாதீங்க, அது பாலிகார்பனேட்டுல பட்டா ஓட்டையைச் சுத்தி மயிரிழை விரிசல் விடும். ரப்பர் வாஷரோட கையிறுக்கத்துக்குக் கொஞ்சம் மேல போதும், ரொம்ப முறுக்கினாலும் விரிசல் தான். கண்ணாடி துடைக்கிற அம்மோனியா ஸ்ப்ரே கூடாது, பெட்ரோல் கூடவே கூடாது. ஒட்டிக் காஞ்ச பூச்சியைச் சுரண்டாம ஈரத்துணியை மேல போர்த்தி பத்து நிமிஷம் விட்டா ஊறி வந்துடும், அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. டிஷ்யூ பேப்பர் கீறும். அக்ரிலிக் ஷீல்டு அவ்வளவு சீக்கிரம் கீறாது, ஆனா கல் பட்டா உடையும், பாலிகார்பனேட் உடையாது, ஆனா கீறும், அதனால ஹார்ட் கோட்டிங் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

ஊருக்குள்ள மட்டும் 50, 60ல ஓட்டுறவங்களுக்கு இந்த செட் தேவையே இல்ல, இருக்கிற சின்ன ஷீல்டே போதும், வெயில்ல காத்து வாங்கிட்டுப் போங்க. ஸ்பைடர் RT வச்சிருக்கிறவங்களுக்கும் பட்டன்ல ஏறி இறங்குற ஷீல்டு கம்பெனியே குடுக்குது, அதை உச்சத்துல வச்சே ஓட்டாம கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப் பாருங்க, காசு செலவில்லாமலே பாதிப் பிரச்சனை தீரலாம். ஷீல்டு இல்லாத மாடல்ல ஹைவே ஓட்டுறவங்க வாங்கறதா இருந்தா முதல்ல லோயர் டிஃப்ளெக்டரை மட்டும் வாங்கி மாட்டி ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா ஷீல்டோட உயரத்தை முடிவு பண்ணுங்க, கீழ்க்காத்து நின்னதும் மேல நீங்க நினைச்சதை விடக் குட்டையான ஷீல்டே பத்தும்.