அவுட்லுக் கான்டாக்ட் ஃபார்ம்: ஷேர்டு ஃபோல்டர்லயா, பர்சனல் லைப்ரரிலயா?

தம்பு செட்டி தெருவுல எங்க கிளியரிங் ஆபீஸ்ல (சரக்க கஸ்டம்ஸ்ல கிளியர் பண்ணித் தர்ற ஆபீஸ்) பார்ட்டி கான்டாக்ட் எல்லாம் அவுட்லுக்ல எல்லாரும் பாக்கற பப்ளிக் ஃபோல்டர்லதான் இருக்கு, அதுல ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி கோடு) நம்பர், 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர், சரக்கு எந்த சிஎஃப்எஸ்-க்குப் (கன்டெய்னர் சரக்கு வைக்கற யார்டு) போகும்னு தனி கட்டம் வேணும்னுதான் ஃபார்ம் டிசைன் பண்ணேன்.

முதல்ல என் பர்சனல் லைப்ரரில பப்ளிஷ் பண்ணேன். அஞ்சு நிமிஷ வேலை, யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம். ஆனா அது என் மெயில்பாக்ஸுக்கு மட்டும்தான், பக்கத்து சீட் அக்கா அதே கான்டாக்ட்ட திறந்தா சாதா ஃபார்ம்தான் வருது, நான் போட்ட நம்பர் உள்ளயே இருந்தும் கண்ணுக்குத் தெரியல. கஸ்டம்ஸ் ஹவுஸ்ல நின்னுட்டு ஒருத்தர் ஐஇசி கேட்டு போன் பண்ணா இவங்க எங்க போய் தேடுவாங்க, சொல்லுங்க?

அந்த ஃபோல்டர்லயே பப்ளிஷ் பண்ணா எல்லாருக்கும் ஒரே ஃபார்ம். இதுக்கு ஃபோல்டர் ஓனர் உரிமை வேணும், அப்புறம் ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல ஜெனரல் டேப்ல புது ஐட்டத்துக்கு இந்த ஃபார்ம்தான்னு செலக்ட் பண்ணணும், இத நெறைய பேர் விட்டுடறாங்க. பழைய கான்டாக்ட் தானா மாறாது, ஒவ்வொண்ணுக்கும் மெசேஜ் கிளாஸ (எந்த ஃபார்ம்ல திறக்கணும்னு சொல்ற பேர்) மாத்தணும், நெறைய இருந்தா மேக்ரோ (மொத்தமா தானா மாத்தற சின்ன புரோகிராம்) போட்டுடுங்க.

ஒருத்தரே பாக்கற லிஸ்ட்டுன்னா பர்சனல் போதும், மத்தபடி நான் ஃபோல்டர் பக்கம்தான். ரெண்டுமே கிளாசிக் அவுட்லுக்ல (விண்டோஸ்ல ஓடற பழைய அவுட்லுக்) மட்டும்தான் ஓடும், புது அவுட்லுக்லயும் வெப்லயும் கஸ்டம் ஃபார்ம் வராது, அதனால ஆபீஸ்ல யார் எத யூஸ் பண்றாங்கன்னு முதல்ல கேட்டுக்கோங்க.