எல்லா உலகங்களுக்கும் ஒரே வானமா? பிளேன்ஸ்கேப், ஸ்பெல்ஜாமர், எபெரான்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மேசையைச் சுற்றி இருந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், கேம்பெய்ன் என்ற ஒரு தொடர்கதையைத் தொடங்கும்போது வரைபடம், ஊர்ப் பெயர், அரசன் பெயர் எல்லாவற்றையும் முதல் நாளே பேசி முடித்துவிடுவோம். அந்த உலகத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முதல் பாத்திரம் சாகும் வரைக்கும்தான் அந்த நிம்மதி. "அண்ணா, இவன் இப்ப எங்க போவான்?" என்று விளையாடும் பெடியன் கேட்டால், கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் பதில் இருக்க வேண்டும்.

கொக்குவிலில் ஞாயிறு பின்னேரங்களில் கூடும் எங்கள் குழுவுக்கு அடுத்த கேம்பெய்னைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பிளேன்ஸ்கேப், ஸ்பெல்ஜாமர், எபெரான் ஆகியவை இந்த விளையாட்டுக்கென்று வெளிவந்த கதைக்களங்கள். அவற்றை மூன்று கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். செத்தவர் எங்கே போகிறார்? கடவுள் இருப்பது உறுதியாகத் தெரியுமா? இந்த உலகத்தை விட்டு வெளியேற வழி உண்டா?

முதலில் பொது வானம், அதாவது எல்லா உலகங்களையும் ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு. 1977இல், இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் டிராகன் இதழில் எழுதிய ஒரு கட்டுரையில் இது தொடங்குகிறது. 1987இல் ஜெஃப் கிரப் இதை ஒரு முழு நூலாக விரித்தார். நடுவில் மனிதர் வாழும் உலகங்கள். அவற்றைச் சுற்றி நெருப்பு, நீர், காற்று, மண் ஆகிய பூதங்களின் தளங்கள் (தளம் என்றால் தனக்கென்று ஒரு தன்மை கொண்ட வேறொரு லோகம்). வெளியே, நன்மை தீமை, ஒழுங்கு குழப்பம் என்ற அச்சுகளின்படி வட்டமாக நிற்கும் 16 தளங்கள். இதற்குப் பெரிய சக்கரம் என்று பெயர். கிரேஹாக், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், டிராகன்லான்ஸ் என்று வெவ்வேறு ஆட்கள் படைத்த உலகங்கள் எல்லாம் இதே சக்கரத்துக்குள் வைக்கப்பட்டன.

இந்த எண்ணம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். கோயிலில் கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்ட கதை தெரியும். ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே அண்டங்கள் எத்தனை என்றாலும் அவற்றுக்கெல்லாம் மேலே சிவன் ஒருவர்தான். சூரனுக்கு வரம் கொடுத்தவரும் அவர்தான். சக்கரத்துக்கோ அப்படி ஒரு தலைவர் கிடையாது. ஒவ்வொரு உலகமும் தன் கடவுளரையும் தன் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு வந்து இதற்குள் நுழைகிறது.

சிக்கல் அங்கேதான் வருகிறது. சக்கரத்தின் பொது விதிப்படி செத்தவன் தன் குணத்துக்குப் பொருந்திய தளத்துக்குப் போவான். ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் அப்படி இல்லை. கடவுள் எவரையும் ஏற்காமல் செத்தவனின் ஆன்மாவைச் சுவரில் கல்லாக வைத்துப் பூசிவிடும் ஏற்பாடு அங்கே உண்டு. அப்படியானால் கிரேஹாக்கில் இருந்து வந்த நல்லவன் ஒருவன் ரெல்ம்ஸில் செத்தால் எந்தச் சட்டம் செல்லும்? டிராகன்லான்ஸின் டாகிசிஸும் ஐந்து தலை டிராகன் அரசி, மற்ற உலகங்களில் வரும் டியாமட்டும் ஐந்து தலை டிராகன் அரசி. இருவரும் ஒருத்தியா, இரண்டு பேரா? இரசிகர்கள் இதைப் பற்றி வருடக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். 2001இல் ரெல்ம்ஸுக்கென்று தனியாக ஓர் உலக மரத்தை அமைத்துச் சக்கரத்தில் இருந்து பிரித்தார்கள். 2008இல் நான்காம் பதிப்பு சக்கரத்தையே ஒதுக்கி வைத்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

சக்கரத்தை மிக நன்றாகப் பயன்படுத்தியது பிளேன்ஸ்கேப். 1994இல் டேவிட் குக் அதை வடிவமைத்தபோது, வெறும் அட்டவணையாகக் கிடந்த தளங்களை ஆட்கள் குடியிருக்கும் இடமாக மாற்றினார். வெளித் தளங்களின் வட்டத்துக்கு நடுவே உள்ள நடுத் தளத்தில், ஒரு கோபுர முனைக்கு மேலே வளையமாகத் தொங்கும் சிகில் என்ற நகரம். அங்கே எந்த வளைவும் எந்தக் கதவு நிலையும் இன்னொரு உலகத்துக்கு வாசலாகலாம், அதற்குரிய திறவுகோல் கையில் இருந்தால். நகரத்தை ஆள்பவள் கடவுளரை உள்ளே விடுவதில்லை. ஆகவே உலகம் எதற்காக இருக்கிறது என்று 15 கட்சிகள் அங்கே தங்களுக்குள் அடிபடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் எல்லைப் பட்டினங்கள். நடுத் தளத்தின் ஓரத்தில், ஒவ்வொரு வெளித் தளத்துக்கும் ஒரு பட்டினம் வாசலாக இருக்கிறது. அங்குள்ள சனங்களின் நடத்தை அந்தத் தளத்தின் குணத்தோடு முழுக்க ஒத்துப்போய்விட்டால், பட்டினமே இடம் பெயர்ந்து அப்பால் போய்விடும். மனிதர் நம்புவதும் நடப்பதும் நிலத்தை நகர்த்துகிறது! ஒரு கேம்பெய்ன் முழுவதையும் இந்த ஒரே விதியில் ஓட்டலாம். ஊரைக் காப்பாற்ற வாள் உதவாது, அயலவரின் மனதைத்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் மூன்றாவது கேள்வியில் பிளேன்ஸ்கேப் பலவீனமாகிவிடுகிறது. வெளியேறும் வழி எங்கும் இருப்பதால் எந்த ஓர் ஊரும் விளையாடுபவர்களுக்கு விலைமதிப்பற்றதாகத் தெரிவதில்லை.

பறக்கும் கப்பலில் உலகம் விட்டு உலகம் போகும் ஸ்பெல்ஜாமர் அதைவிட எளிய ஏற்பாடு. 1989இல் வந்த மூலப் பதிப்பில் ஒவ்வொரு சூரியக் குடும்பமும் ஒரு பளிங்கு உருண்டைக்குள் அடைபட்டிருக்கும். உருண்டைகளுக்கு இடையே புளோஜிஸ்டன் என்ற கடல். அதில் தீ மூட்டினால் வெடிக்கும், பூசாரிக்குத் தன் கடவுளோடு தொடர்பும் அறுந்துபோகும். போகலாம், ஆனால் போவதற்கு ஒரு விலை உண்டு. அண்டம் விட்டு அண்டம் ஓடும் சூரனின் இந்திரஞாலத் தேரை அறிந்தவர்களுக்குப் பறக்கும் கப்பலை விளக்கத் தேவையில்லை. 2022 பதிப்பில் உருண்டைகளும் இல்லை, புளோஜிஸ்டனும் இல்லை. பயணம் இலகுவாகிவிட்டது. அதை ஒரு இழப்பாகவே நான் பார்க்கிறேன்.

சரி, இனி மூடிய வானம், அதாவது மற்ற உலகங்களோடு சேராத உலகங்கள். 1991இல் வந்த டார்க் சன் இதில் மிகக் கடுமையானது: ஏதஸ் என்ற பாலை உலகம், கடவுளர் இல்லை, வெளியேறுவது அநேகமாக முடியாத காரியம். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைப்பாதையான ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு இங்கே இருந்தவர்களுக்கு இதை ஆடிக் காட்ட வேண்டியதில்லை. பாதை இல்லாத இடத்தில் தண்ணீரும் அரிசியும் அயலவரின் முகமும் எவ்வளவு பெரிதாகும் என்று எங்கள் குழுவில் மூத்தவர்களுக்குத் தெரியும். அதனாலேயே அவர்களை ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில் இருத்த எனக்கு விருப்பமில்லை.

எபெரான் நடு வழி. 2002இல், இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் புதிய கதைக்களத்துக்காக நடத்திய தேடலில் கிட்டத்தட்ட 11,000 முன்மொழிவுகளில் இருந்து கீத் பேக்கரின் இந்த உலகம் தெரிவாகி, 2004இல் நூலாக வந்தது. இதற்குத் தனியாக 13 தளங்கள். அவை கோள்களைப் போல நெருங்கியும் விலகியும் வரும். நெருங்கும் காலத்தில் அந்தத் தளத்தின் தன்மை நிலத்தில் தெரியும். ஆகவே எபெரானில் வானியல் தெரிந்தவனுக்கு வேலை உண்டு. டன்ஜன் மாஸ்டருக்கோ பஞ்சாங்கம் போல ஒரு காலக்கணக்கு கையில் கிடைக்கிறது.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது சாவு பற்றிய அதன் ஏற்பாடு. நல்லவன், கெட்டவன் எல்லோரும் டோலூர் என்ற ஒரே சாம்பல் நிறத் தளத்துக்குப் போகிறார்கள். அங்கே நினைவுகள் மெல்ல மெல்லக் கரைகின்றன. அதற்கப்பால் என்ன என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. கடவுளர் நேரில் வருவதில்லை. நல்ல கடவுளின் பூசாரி கெட்டவனாக இருந்தாலும் மந்திரம் பலிக்கும். ஆகவே அங்கே சமயங்கள் எல்லாம் இந்தச் சாவுக்குச் சொல்லும் பதில்களாகின்றன. கரைவதற்கு அப்பால் கடவுளரோடு சேர்வோம் என்கிறது ஒரு கூட்டம். தெய்வம் நம் இரத்தத்திலேயே இருக்கிறது, சாவை ஏற்காதே என்கிறது இன்னொன்று. எல்ஃப் என்ற இனத்தவர் தங்கள் முன்னோரைச் சாகவிடாமல் வைத்துக் கும்பிடுகிறார்கள். சக்கரத்தில் போல விடை கண்ணுக்கு முன்னே இருந்தால் இந்த வாதங்களில் ஒன்றுகூடப் பிறந்திருக்காது.

2019இல் வந்த நூல் இதைப் பொது வானத்தோடு கவனமாகச் சேர்த்தது. எபெரான் பெரிய சக்கரத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்ற உலகங்கள் எட்டாதபடி மறைத்துக் காக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காப்பு உடைவதா இல்லையா என்பது அந்தந்த மேசையின் முடிவு.

ஆகவே, நம்பிக்கையும் கொள்கையுமே கதை என்றால் பிளேன்ஸ்கேப். ஊர் ஊராக அலையும் கப்பல் கதை வேண்டும் என்றால் ஸ்பெல்ஜாமர், அதுவும் பழைய புளோஜிஸ்டனோடு. டொராண்டோவிலும் லண்டனிலும் வேறு வேறு உலகங்களில் ஆடும் மச்சான்மார் ஒன்லைனில் இடையிடையே வந்து சேர்வதானால் பொது வானம் இல்லாமல் சரிவராது. எங்கள் குழுவில் ஆறு பேரும் ஒரே மேசையில் இருக்கிறோம், ஒரே ஊரை நீண்ட காலம் ஆட விரும்புகிறோம். அதனால் எபெரானை எடுக்கிறேன். முதல் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: உங்கள் பாத்திரத்தின் வீட்டில், செத்தவர்களைப் பற்றி என்ன சொல்லி வளர்த்தார்கள்?