காரைக்குடிப் பக்கம் கிடைக்கும் ஸ்பெஷல் ஸ்டீல்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதில் கை சுடும்

புதுவயல் அரிசி ஆலைகளில் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் ஷாஃப்ட் ஒடிந்தால் முதலில் வரும் யோசனை, ‘இந்தத் தடவை ஈ.என். 24 (நிக்கல், குரோமியம் கலந்த ஸ்டீல் கிரேடு) போட்டுவிடலாம்’ என்பதுதான். காசு கூட, பெயரும் பெரிசு. ஆனால் கடையில் ஈ.என். 24 என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அனீல் பண்ணிய, அதாவது சூடாக்கி மெல்ல ஆறவிட்டு இளக்கிய மென்மையான கம்பி. அதைக் கடைந்து அப்படியே மாட்டினால், கொடுத்த காசுக்கு உண்டான பலம் வராது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எல்லாம் உள்ளே இருக்கும், ஆனால் சூடாக்கி எண்ணெயில் முக்கி (ஹார்டன்), மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் பண்ணும் வரை அவை சும்மாதான் கிடக்கும். கேட்க வேண்டியது ஈ.என். 24டி. ஹார்டன், டெம்பர் முடித்து 248 முதல் 302 பிரினெல் கடினத்தில் வரும். கார்பைட் டிப் இருந்தால் லேத்தில் தாராளமாகக் கடையலாம். கடைந்த பிறகு அனுப்பி ஹார்டன் பண்ணுவதைவிட இதுதான் நல்லது, நீள ஷாஃப்ட் வளைந்து வரும் தலைவலி இல்லை.

அதற்கு முன்னால் ஒடிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஓர் ஓரத்திலிருந்து, அலை வடிந்த மணலில் இருப்பது போல வளைகோடுகள் தெரியும். எதிர்ப்பக்கம் சொரசொரவென்று மணிமணியாக இருக்கும். அப்படியென்றால் அது ஒரே நாளில் ஒடிந்ததல்ல. கீவே (சாவி உட்காரும் பள்ளம்) மூலையிலோ, விட்டம் மாறும் படியிலோ பிறந்த விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியிருக்கிறது. அந்தப் படியை டூல் முனையால் கூராக வெட்டாமல் 2 மி.மீ. ரேடியஸ் விட்டுக் கடைந்தால் சாதாரண கார்பன் ஸ்டீலான பழைய ஈ.என். 8 கம்பியே பல மடங்கு உழைக்கும். கூர் மூலையை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த ஸ்டீல் போடுவது, அதே இடத்தில் விலை உயர்ந்த விரிசலை வாங்குவதுதான்.

ஷாஃப்ட் ஒடியவில்லை, ஆடுகிறது, தொய்கிறது என்றால் கிரேடு மாற்றிப் பயனே இல்லை. மைல்ட் ஸ்டீல் ஆனாலும் ஈ.என். 24 ஆனாலும் விறைப்பு ஒன்றேதான், சுமார் 200 ஜிகாபாஸ்கல். 50 மி.மீ. விட்டத்தை 55 ஆக்குங்கள், விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும். எடைக் கணக்கு எளிது: மி.மீ. விட்டத்தைத் தன்னாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 60 மி.மீ. கம்பி 22.2 கிலோ.

ஈ.என். 8, இந்த வட்டாரத்துக்குப் போதுமான, நம்பகமான சரக்கு. கார்பன் 0.4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஷாஃப்ட், பின், போல்ட், சின்ன கியர் எல்லாவற்றுக்கும் சரி. வெல்டிங்கில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். 150 – 200 டிகிரி முன்சூடு காட்டாமல், ஈரம் குடித்த ராடால் அடித்தால், வெல்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது, மறுநாள் தெரியும்.

வாங்கும் இடத்தில் ஏமாறுவது எங்கே? கம்பி முனையில் கிரேடைக் காட்டும் பெயிண்டும், எந்த உருக்கில் வார்த்தது என்று சொல்லும் குத்திய ஹீட் நம்பரும் இருக்கும். கடைக்காரர் அந்த முனையிலிருந்தே வெட்டி விற்கத் தொடங்கினால் மீதிக் கம்பி அநாமதேயம். எதிர் முனையில் வெட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் கம்பியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். சர்டிபிகேட் ஜெராக்ஸ் மட்டும் கையில் இருந்தால் அது வெறும் காகிதம். சந்தேகமென்றால் ஒரு துண்டை, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்கு அனுப்பலாம். கையில் பிடித்துக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கியை நம்பி ஈ.என். 8 என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாது. மைல்ட் ஸ்டீலும் ஈ.என். 8-ம் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிரைண்டரில் பொறி பார்க்கத் தெரிந்தவர் அதைவிட மேல்: மைல்ட் ஸ்டீலில் பொறி நீளமாக, கிளை குறைவாக வரும், கார்பன் ஏற ஏறப் பூவாக வெடிக்கும்.

கருப்புக் கம்பி (சூட்டில் உருட்டி, கடையாமல் வருவது) வாங்கினால் மேல்தோலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உருட்டும் சூட்டில் தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கும். முடிந்த அளவு 50 என்றால் 55, 56 வாங்கிச் சுற்றிலும் 2.5 மி.மீ.யாவது எடுக்க வேண்டும். ஈ.என். 31-ல் இது ரொம்ப முக்கியம். பேரிங் செய்யும் ஸ்டீல் அது, கார்பனே 1 சதவீதம். தோலை விட்டுவிட்டு ஹார்டன் பண்ணினால் மேலே மென்மையாகவும் உள்ளே கடினமாகவும் நின்று, ‘ஸ்டீல் சரியில்லை’ என்று கடைக்காரருக்கு வீண் பழி.

எவர்சில்வர் கதை வேறு. கல்யாணச் சாமான் பரப்பும் ஊர் இது, ஆனால் பளபளப்பைப் பார்த்துக் கிரேடு சொல்ல முடியாது. 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-ல் நிக்கல் 4 – 6தான், மீதிக்கு மாங்கனீஸ். ஜே4 என்று வருவதில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை; மூன்றுமே ஒட்டாது. அதோடு நல்ல 304 கூட வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும், அதைப் பார்த்து மட்டமென்று தள்ளிவிடாதீர்கள். பேட்டரியோடு வரும் சொட்டு டெஸ்ட் கிட் உதவும்: மாங்கனீஸ் மிகுந்த 200 வரிசையில் (202, ஜே4) சொட்டு சிவக்கும். விலை வித்தியாசம் நிக்கலால் வருவது. 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிறுத்திவைத்தார்கள். அப்படி ஏறும்போதுதான் 304 பில்லில் 202 சரக்கு வரும், கவனம்.

கானாடுகாத்தான் பங்களாக்களை ஓட்டலாக்கும்போது சமையல் மேடைக்கும் சிங்குக்கும் 304 தவிர வேறு வேண்டாம். உப்பும் புளியும் ராத்திரி முழுக்க நின்றால் 202-ல் ஊசிக்குத்துத் துரு விழும். மாடிக் கைப்பிடிக்கு, வீட்டுக்குள் என்றால் 202 போதும். தொண்டி, மீமிசல் பக்கம் கடல் காற்றில் என்றால் 2 – 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316. துருவையும் ஆராயும், 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடியிலேயே வைத்துக்கொண்டு, கேட்டுக்கு 202 போட்டுத் துருப்பிடித்ததென்று புலம்புவது நமக்கே உரிய பெருமை.

நெல் அவிக்கும் தொட்டியில் 304 ஓட்டை விழுந்தால் தகட்டைத் திட்டுமுன் போர் தண்ணீரைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் போனால், வெல்டு இழுவிசை உள்ள இடத்தில் விரிசல் பிடிக்கும். 316 போட்டாலும் கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. கார்பன் குறைந்த 304எல் தகடு, அதற்கேற்ற 308எல் வெல்டிங் ராடு, வெல்டில் வந்த நீலக் கருப்பைப் பிக்ளிங் பேஸ்ட் போட்டு எடுப்பது (கையுறை கட்டாயம், அதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது), இரும்பு தேய்த்த டிஸ்க்கை இதில் வைக்காமல் இருப்பது, இந்த நான்கும் கிரேடு மாற்றத்தைவிட அதிகம் உழைக்கும்.

டூல் ஸ்டீல் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தகட்டில் துளை குத்தும் பஞ்ச், டை ஒன்றிரண்டு என்றால் ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் இறுகும் டூல் ஸ்டீல்); பட்டறையிலேயே எண்ணெயில் ஹார்டன் பண்ணலாம். ஆயிரக்கணக்கில் குத்தும் டைக்கு டி2 (குரோமியம் மிகுந்த டூல் ஸ்டீல்). ஆனால் 1000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், வாக்குவம் உலை உள்ள ஊருக்கு அனுப்பும் செலவையும் சேர்த்து விலை கேளுங்கள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டைதான் (ஸ்பிரிங் பட்டை) ராஜா. பழைய பட்டையில் நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாங்கனீஸ் ஸ்டீலைக் கண்ட இடத்தில் போடுகிறார்கள். 1882-ல் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்த இது, 11 – 14 சதவீதம் மாங்கனீஸ் கொண்டது. அடி வாங்க வாங்கத்தான் இறுகும். திருமயம் பக்கத்துக் கல் கிரஷரில் கல்லைக் கடித்து நொறுக்கும் ஜா பிளேட்டுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. உமி சறுக்கி இறங்கும் சரிவுக் குழாயில் போட்டால் அடியே இல்லை, வெறும் தேய்மானம். இறுகாமல் மென்மையாகவே இருந்து தேயும். அங்கே தேய்மானம் தாங்கவென்றே வரும் ஏ.ஆர். 400 தகடு போடுங்கள். ஜா பிளேட்டை வெல்டு வைத்துத் தேற்றும்போது ஈ.என். 8 பழக்கத்தில் முன்சூடு காட்டவே கூடாது. சின்னச் சின்ன ஓட்டமாக வைத்து, வெல்டுக்குப் பக்கத்து இடம் 260 டிகிரியைத் தாண்டாமல் ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்பைட் பிரிந்து, பிளேட் ஓடுபோல் உடையும்.