பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஆகாதுன்னு டிஎன்ஏ பாத்துச் சொல்றோம்னு வந்தா பணத்தக் கட்டிடாதீங்க

பினாங்கு, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கிற அம்மா அப்பாங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. மால்லயும் சின்ன ஹால்லயும் மேசை போட்டு உக்காந்துகிட்டு, எச்சிய மட்டும் குடுங்க, குடும்பத்துல யாருக்கு என்ன சாப்பாடு ஒத்துக்காதுன்னு டிஎன்ஏ பாத்துச் சொல்லிடறோம்னு ஆள் புடிக்கிறாங்க. எங்ககிட்ட நாலு பேருக்குன்னு 2,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினாங்க. கேஸ் போட்டிருக்கிறதால கம்பெனி பேர இங்க சொல்லல. பணம் போனது ஒரு பக்கம், அவங்க குடுத்த ரிப்போர்ட்படி நடந்திருந்தா எங்க வீட்டுக்காரரு உயிருக்கே ஆபத்தாயிருக்கும், அதுக்காகத்தான் எழுதுறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு சின்ன வயசுலேருந்தே எறா ஆகாது, வாயில பட்டாலே உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும். அத்தைக்குப் பால் குடிச்சா வயிறு உப்பிக்கும். சின்னவன் பசியாறிட்டு ஸ்கூலுக்குப் போனா முக்காவாசி நாள் வயித்துவலின்னு வருவான், சில நாள் பேதியும் போகும். பெரியவளுக்கு முழங்கை மடிப்புல சொறி. ஒரே வீட்டுல இவ்வளவு இருந்தா, இது வம்சத்துல வர்றதா, அப்பாவுக்கு இருக்கிற எறா அலர்ஜி பிள்ளைக்கும் வந்துடுமான்னு எந்த அம்மாவும் யோசிப்பா. கேள்வி நியாயமான கேள்விதான், அந்தப் பயத்தத்தான் இவங்க காசாக்குறாங்க.

மேசையில இருந்த பொண்ணு நம்ம தமிழ்ப் பொண்ணுதான், நல்லாப் பேசுச்சு. "அக்கா, ஆஸ்பத்திரில ஒவ்வொண்ணா ஊசி குத்துவாங்க, பிள்ள பாவம், இது ஒரு தடவ எச்சி எடுத்தா போதும், ஆயுசுக்கும் இந்த ரிப்போர்ட்தான்"னு சொல்லுச்சு. கூடவே விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துக்கிட்டாங்க, அது எதுக்குன்னு கேட்டதுக்கு டெஸ்ட் இன்னும் துல்லியமா வரும்னாங்க.

ரிப்போர்ட் வந்துச்சு, கலர் கலரா தடிமனான புத்தகம். சிவப்பு சாப்பிடக்கூடாது, மஞ்சள் குறைச்சுக்கணும், பச்சை தாராளமா சாப்பிடலாம். நான் மொதல்ல பாத்தது வீட்டுக்காரரோட எறா. பச்சை! ஆளப் பாத்தாலே தெரியுற அலர்ஜியக்கூட இந்த டெஸ்ட் கண்டுபிடிக்கலன்னா தெரியாதத என்னத்தக் கண்டுபிடிக்கும்? உடனே வாட்சாப்ல கேட்டேன். வந்த பதில் இன்னும் என் போன்ல இருக்கு: "அண்ணனுக்கு ஜீன்ல இல்லக்கா, உடம்புல டாக்சின் சேந்ததால முன்ன அப்படி ஆயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுப் பழகச் சொல்லுங்க." எறா அலர்ஜிக்காரர எறா சாப்பிட்டுப் பழகச் சொல்றாங்க. பினாங்குல சார் குவே தியாவ் தொட்டு சம்பல் பெலாச்சான் வரைக்கும் எறா இல்லாத சாப்பாடு எங்க இருக்கு, இந்தப் பேச்ச நம்பி ஒருத்தர் ஒரு தட்டு சாப்பிட்டு தொண்டை அடைச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது.

அப்புறம் பிள்ளைங்க டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டோட போனோம், அவங்க பொறுமையா விளக்குனாங்க. எறா அலர்ஜின்னா எறாவுல இருக்கிற புரதத்த, முக்கியமா ட்ரோபோமயோசின்ங்கிறத, நம்ம உடம்பு எதிரின்னு நெனச்சு ஐஜிஇங்கிற ஆன்டிபாடிய (எதிர்ப்புப் பொருள) உண்டாக்குறது. அலர்ஜி வர்ற தன்மை குடும்பத்துல வரும், அது உண்மை. ஆனா அப்பாவுக்கு எறான்னா மகனுக்கும் எறான்னு இல்ல, இன்ன சாப்பாடு ஆகாதுன்னு எழுதி வச்ச ஜீன்னும் ஒண்ணும் இல்ல. அலர்ஜியக் கண்டுபிடிக்கணும்னா என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சுன்னு கேட்டு, அப்புறம் தோல்ல குத்திப் பாக்குற டெஸ்ட், ஐஜிஇ ரத்த டெஸ்ட், அதுலயும் சந்தேகம் இருந்தா ஆஸ்பத்திரில டாக்டர் கண் முன்னாடி துளித்துளியா சாப்பிட வச்சுப் பாக்கறது. எச்சியில அது தெரியாது.

ஜீன் டெஸ்ட்டே பொய்னு நான் சொல்லல. ரெண்டு விஷயத்துல அதுக்கு வேலை இருக்கு, அந்த ரெண்டையும் இவங்க தலைகீழா வித்தாங்க. ஒண்ணு பால். வளந்த பிறகும் பால் சர்க்கரைய செரிக்கவைக்கிற லாக்டேஸ்ங்கிற என்சைம் நின்னுடாம இருக்கிறதுக்கு ஒரு ஜீன் மாற்றம் வேணும், அது வடமேற்கு இந்தியாவுல அதிகம், தெற்கே வர வர கம்மி. அதனால நம்ம தமிழ்க் குடும்பத்துல நாலு பேருக்கும் பால் சிவப்புன்னு வந்ததுல அதிசயம் எதுவும் இல்ல, எச்சி எடுக்காமலேகூட பந்தயம் கட்டிச் சொல்லியிருக்கலாம். அது அலர்ஜியும் இல்ல. அந்த மாற்றம் இல்லாதவங்ககூட பலர் ஒரு கப் பால் தாங்குவாங்க, தயிர் இன்னும் நல்லாவே ஒத்துக்கும், ஏன்னா அதுல இருக்கிற பாக்டீரியாவே பாதி வேலைய செஞ்சுடுது.

ரெண்டாவது கோதுமை, இதுலதான் சின்னவன் மாட்டுனான். ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8னு ஒரு ஜீன் வகை இருந்தா சீலியாக் வியாதி (கோதுமையில இருக்கிற க்ளூட்டன்ங்கிற புரதத்தால குடல் கெட்டுப்போறது) வர வாய்ப்பு இருக்குன்றது நெசம். ஆனா மேல்நாட்டுல 100 பேருக்கு 30, 40 பேர்கிட்ட அது இருக்கு, வியாதி வர்றது சுமார் ஒருத்தருக்குத்தான். ஜீன் இருக்கு அதனால கோதுமைய நிறுத்துன்னு சொல்றது, லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஆக்சிடென்ட் பண்ணுவாங்கன்னு சொல்ற மாதிரி. அந்த ஜீன் இல்லன்னா சீலியாக் இல்லன்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்லலாம், அதுதான் அந்த டெஸ்ட்டோட உண்மையான பயன். இவங்க என்ன செஞ்சாங்க, உடனே ரொட்டி சானாய், சப்பாத்தி, பிஸ்கட், மீ (நூடுல்ஸ்) எல்லாத்தையும் நிறுத்துங்க, ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்கன்னு மெசேஜ் மேல மெசேஜ். பிள்ளை காண்டீன்ல எதையும் தொட முடியாம மெலிஞ்சு போயிட்டான். இதுல அவங்க குடுத்த சாப்பாட்டு லிஸ்ட்ல மைலோ பச்சையில இருந்துச்சு, அதுல பார்லி மால்ட் இருக்கு, பார்லிலயும் க்ளூட்டன் இருக்கு. கிச்சாப்லகூட (சோயா சாஸ்) கோதுமை சேக்குறாங்க, அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. க்ளூட்டன் எதுல இருக்குன்னே தெரியாதவங்க.

எல்லாத்தவிட மோசம் எதுன்னா, சீலியாக் இருக்கான்னு பாக்குற நெசமான ரத்த டெஸ்ட், டிடிஜின்னு சொல்வாங்க, அத எடுக்கும்போது பிள்ளை தெனமும் கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும், நிறுத்திட்டு எடுத்தா வியாதி இருந்தாலும் இல்லன்னு காட்டலாம். அதனால டாக்டர் மறுபடியும் பல வாரம் கோதுமை குடுக்கச் சொல்லி அப்புறம்தான் ரத்தம் எடுத்தாங்க. நார்மல்னு வந்துச்சு. தயவுசெஞ்சு யார் சொன்னாலும் டாக்டர் டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு கோதுமைய நிறுத்தாதீங்க. சின்னவனுக்கு என்னன்னா காலையில பெரிய மக் நெறைய பால் மைலோ, அவ்வளவுதான். கொஞ்ச நாள் பால நிறுத்தி, திரும்பக் குடுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க, இப்ப சின்ன கப்ல குடிக்கிறான், வயித்துவலி இல்ல. பெரியவ சொறிக்கு க்ரீம் குடுத்தாங்க, சாப்பாட்டுல எதையும் குறைக்கல.

அந்த விரல் ரத்தம் எதுக்குன்னும் டாக்டர் சொன்னாங்க, அது ஐஜிஜிங்கிற இன்னொரு ஆன்டிபாடிய பாக்குற டெஸ்ட்டாம். ஐஜிஜி நாம அடிக்கடி சாப்பிடுற சாப்பாட்டுக்கெல்லாம் இருக்கும், சாப்பிட்டிருக்கோம்னுதான் காட்டும், ஆகாதுன்னு காட்டாது. ஐரோப்பிய அலர்ஜி டாக்டர்கள் அமைப்பு 2008லயே இத சாப்பாட்டு அலர்ஜி பாக்க உபயோகிக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. அதனாலதான் ரிப்போர்ட்ல முட்டை, அரிசி, மஞ்சத்தூள்னு தெனமும் நம்ம வீட்ல சமைக்கிறதா பாத்து சிவப்பு போட்டிருந்துச்சு. அதுக்கு மருந்தும் அவங்ககிட்டயே இருக்கு, மாசாமாசம் வாங்கணுமாம்.

இன்னொண்ணு, கையெழுத்து வாங்குன ஃபாரம நல்லா படிங்க. எங்க பிள்ளைங்க எச்சியையும் டிஎன்ஏ தகவலையும் அவங்க கூட்டாளி கம்பெனிகளுக்குக் குடுக்கலாம்னு சின்ன எழுத்துல இருக்கு. பாஸ்வேர்டு திருட்டுப் போனா மாத்திக்கலாம், டிஎன்ஏவ மாத்த முடியுமா? அமெரிக்காவுல 23அண்ட்மீ எவ்வளவு பெரிய டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனி, 2023ல சுமார் 69 லட்சம் பேர் தகவல் திருடு போச்சு, 2025ல திவாலுக்கு மனு போட்டாங்க. நம்ம மலேசியாவுல 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி குடுத்த சம்மதத்த எழுத்து மூலமா திரும்ப வாங்கிக்கலாம், நான் கடிதம் அனுப்பிட்டேன், மாதிரிய அழிக்கச் சொல்லியும் கேட்டிருக்கேன்.

பணத்துக்கு டிரிபுனல் துந்துத்தான் பெங்குனால (பயனீட்டாளர் கோரிக்கை மன்றம்) மனு போட்டிருக்கோம். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். டாக்டரும் ஆஸ்பத்திரியும் தர்ற வைத்தியச் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வராது, ஆனா இவங்க ஃபாரம்லயே இது மருத்துவப் பரிசோதனை இல்ல, வெல்னஸ் தகவல் மட்டும்னு எழுதியிருக்காங்க, அதனால அந்தப் பக்கம் ஓட முடியாது. ரசீது, ஃபாரம், வாட்சாப் பதில் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கோங்க, குரல் மெசேஜையும் அழிக்காதீங்க. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துலயும் புகார் குடுக்கலாம்.

உங்க வீட்ல யாருக்காச்சும் ஏற்கனவே எறா, கடலை, முட்டை எதுக்காவது உடம்பு வீங்கியிருந்து, இந்த மாதிரி ரிப்போர்ட்ல அது பச்சையில வந்திருந்தா, சாப்பிட்டுப் பாக்காதீங்க. மூச்சு முட்டுச்சுன்னா 999 கூப்பிடுங்க. மத்தபடி கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) ஒரு வெள்ளி கட்டி டாக்டரப் பாத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் கேளுங்க, காத்திருக்கணும்தான், ஆனா நெசமான டெஸ்ட் அங்கதான் இருக்கு. டிரிபுனல் ஃபாரம் நிரப்பத் தெரியலன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, நான் கூட இருந்து எழுதித் தரேன்.