துருக்கி மொழி படிக்க இஸ்தான்புல்லா, அங்காராவா, அரசு உதவித்தொகையா?

துருக்கிக்கே போய் அந்த மொழியைப் படிக்க நினைக்கிறவருக்கு வழிகள் பல இருக்கின்றன. இஸ்தான்புல்லில் போவாஸிச்சி பல்கலைக்கழகத்தின் கோடைக்காலத் தீவிரப் படிப்பு, அங்காரா பல்கலைக்கழகத்தின் தோமெர் மையம், அரசின் 'துர்க்கியே புர்ஸ்லாரி' உதவித்தொகை, யூனுஸ் எம்ரே நிறுவனத்தின் கோடைப் பள்ளி, அப்புறம் தெருவுக்குத் தெரு இருக்கும் தனியார் மொழிப் பள்ளிகள். எல்லா விளம்பரங்களிலும் போஸ்பரஸ் நீரிணை, பலூன், தேநீர்க் கோப்பை என்று ஒரே படங்கள்தான். அதனால் விளம்பரத்தைப் பார்த்துத் தேர்வு செய்ய முடியாது.

வகுப்பை வைத்தும் பெரிதாகப் பிரித்துப் பார்க்க முடியாது. எங்கே சேர்ந்தாலும் ஏறக்குறைய வாரத்துக்கு 20 மணி நேரம், பெரும்பாலும் காலையில் வகுப்பு. ஏ1-இல் தொடங்கி சி1 வரை ஏறும் ஐரோப்பிய நிலைகள். ஆசிரியர்கள் பொதுவாக நன்றாகவே சொல்லித் தருவார்கள். வித்தியாசம் எல்லாம் வகுப்பு முடிந்த பிறகுதான். மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்தால், இரவு தூங்கப் போகும் வரை உங்களோடு யார் என்ன மொழியில் பேசுவார்கள்? இந்த ஒரு கேள்வியை வைத்தே எல்லா வழிகளையும் எடை போடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கும் தேவை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும்போது துருக்கி மொழிக்கு 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. எட்டு வாரக் கோடைப் படிப்பில் கிடைப்பது 160 மணி நேரம். ஆகவே 'ஒரே கோடையில் சரளமாகப் பேசலாம்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் அந்த 1,100 மணி ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. தமிழ் பேசுகிறவருக்கு வாக்கியத்தின் கடைசியில் வினை வருவதும், ஒரு சொல்லோடு விகுதிமேல் விகுதி ஒட்டுவதும் புதிதல்ல. நாம் 'வந்தானாம்' என்று கேள்விப்பட்டதைச் சொல்வதுபோல் துருக்கியர்களுக்கும் ஒரு விகுதி உண்டு. அமெரிக்க மாணவர் வாரக்கணக்கில் திணறும் இடத்தை நாம் சட்டென்று தாண்டிவிடலாம். சொற்களை மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

போவாஸிச்சி: தரம் உண்டு, ஆங்கிலமும் உண்டு

1863-இல் அமெரிக்கர்கள் தொடங்கிய ராபர்ட் கல்லூரியின் வளாகம் 1971-இல் அரசுப் பல்கலைக்கழகமாக மாறியது. அதுதான் போவாஸிச்சி. நீரிணைக்கு மேலே குன்றில் இருக்கிறது. கொஞ்சம் கீழே இறங்கினால் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 1452-இல் கட்டிய ருமெலி கோட்டை. அழகில் குறையே சொல்ல முடியாது. இங்கே நீண்ட காலமாக நடந்துவரும் கோடைக்காலத் துருக்கி மொழிப் படிப்புக்கு அமெரிக்காவிலிருந்து முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வருவார்கள். துருக்கியில் இயங்கும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் அவர்களில் பலருக்கு உதவித்தொகை தந்துவந்திருக்கிறது. வரலாறு, மானிடவியல், அரசியல் என்று ஏதாவது ஒரு துறையில் துருக்கி மொழியில் படித்தே ஆக வேண்டியவர்கள் அவர்கள். அதனால் வகுப்பு வேகமாக ஓடும், வீட்டுப்பாடம் மலைபோல் குவியும். ஏற்கெனவே இரண்டு ஆண்டு படித்துவிட்டு மேல்நிலைக்குப் போக நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் குறைவு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். போவாஸிச்சியில் பாடமொழியே ஆங்கிலம். வளாகத்தில் ஒருவரிடம் தப்பும் தவறுமாகத் துருக்கி மொழியில் வழி கேட்டால், பதில் நல்ல ஆங்கிலத்தில் வரும். அவர் உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். உங்களுக்கு ஒரு பயிற்சி போய்விடுகிறது. வகுப்புத் தோழர்களும் வெளியே வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். சுற்றுலாப் பயணிகள் குவியும் சுல்தானாஹ்மத் பக்கம் போனால் கடைக்காரர்கள் ஆங்கிலம், அரபு, ரஷ்யன் எல்லாம் பேசிக் கூப்பிடுகிறார்கள். இஸ்தான்புல்லில் துருக்கி மொழி பேசாமல் மாதக்கணக்கில் வாழ முடியும் என்பதுதான் அந்த ஊரின் சிக்கல். அங்கேதான் போவேன் என்றால், தங்கும் இடத்தை சுற்றுலாப் பகுதியிலிருந்து தள்ளி, ஆசியக் கரையில் உஸ்குதார் மாதிரி ஓர் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். படகில் போய்வரும் நேரம் கூடும். ஆனால் காய்கறிச் சந்தையில் பேரம் பேசத் துருக்கி மொழிதான் வேண்டும்.

அங்காரா: அழகு குறைவு, பேச்சு அதிகம்

தோமெர் மையத்தை அங்காரா பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கியது. வெளிநாட்டவருக்குத் துருக்கி மொழி கற்பிப்பதில் அது பெற்ற பெயரால், இன்று பல பல்கலைக்கழகங்கள் தங்கள் மொழி மையத்தையும் தோமெர் என்றே அழைக்கின்றன. ஆகவே 'தோமெரில் படித்தேன்' என்று யாராவது சொன்னால் எந்த ஊர்த் தோமெர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரம் ஒன்றுபோல் இருக்காது.

அங்காராவைப் பற்றி இஸ்தான்புல்காரர்கள் கேலி பேசுவது வழக்கம். கடல் இல்லை, குளிர்காலம் வறண்டு கடுங்குளிராக இருக்கும், எங்கே பார்த்தாலும் அரசு அலுவலகம். 1923-இல் தலைநகரானதும் கட்டியெழுப்பிய ஊர்தான் பெரும்பாலும். சுற்றுலாப் பயணி அதாதுர்க்கின் சமாதியையும் அனத்தோலிய நாகரிக அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மொழி படிக்க வந்தவருக்கு இதுவே பெரிய லாபம். வெளிநாட்டவரிடம் ஆங்கிலத்தில் விற்றுப் பழகிய கடைக்காரர்கள் இங்கே குறைவு. கிஸிலாய் பகுதியில் டொல்முஷ் எனும் பகிர்வு வேனில் ஏறினால், காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து ஓட்டுநருக்குக் கடத்தச் சொல்ல வேண்டும், இறங்கும் இடத்தையும் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். கூச்சம் தெளிய இது போதும். ஆசிரியரைக் கூப்பிடும் 'ஹோஜாம்' என்ற சொல்லை அங்காரா மாணவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடவும், கடைக்காரரைக் கூப்பிடவும்கூட வைத்துக்கொள்கிறார்கள். பெயர் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்க அது நல்ல வசதி.

வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இன்னும் முக்கியம். இத்தகைய மையங்களில் சிரியா, ஏமன், சோமாலியா, கஜகஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தோனேசியா என்று பல நாட்டவர் இருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலம் தெரியாது. ஆகவே இடைவேளையில் தேநீர் குடிக்கும்போதும் அரைகுறைத் துருக்கி மொழியே ஓடும். தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிப்பதில்லை, எல்லோரும் அதே படகில்தான். ஒரு சங்கடமும் உண்டு: துருக்மேன், அஸெரி, கஸாக் மாணவர்களுக்கு இது தங்கள் மொழிக்கு உறவான மொழி. முதல் வாரத்திலேயே பாதி புரிந்துவிடும். அவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அவர்கள் தங்கள் மொழியின் பழக்கத்திலேயே தப்பு விடும் இடங்களில் நீங்கள் சரியாக எழுதுவீர்கள்.

அங்காராவும் வேண்டாம் என்றால் எஸ்கிஷெஹிர் இருக்கிறது. மாணவர்களால் நிறைந்த ஊர், அங்காராவிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். கடல் வேண்டும், இஸ்தான்புல் கூட்டம் வேண்டாம் என்பவருக்கு இஸ்மிர்.

உதவித்தொகை: செலவு இல்லை, ஆனால் கயிறு உண்டு

2012 முதல் துர்க்கியே புர்ஸ்லாரி என்ற பெயரில் அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. கல்விக் கட்டணம், விடுதி, மருத்துவக் காப்பீடு, மாதப் பணம், போகவர விமானச் சீட்டு எல்லாம் அதில் அடக்கம். பட்டப் படிப்பு தொடங்குவதற்கு முன் ஓராண்டு மொழிப் படிப்பும் உண்டு. மொழிக்காக மட்டும் கணக்குப் பார்த்தால்கூட மற்ற எல்லாவற்றையும்விட மலிவு இதுதான். அரசு விடுதியில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருக்கும்போது, நான் மேலே கேட்ட மதியம் ஒரு மணிக் கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடும்.

கயிறு எங்கே என்றால், நீங்கள் வெறும் மொழி மாணவர் அல்ல, அங்கே பட்டம் படிக்கப் போகிறவர். நாலைந்து ஆண்டுக்கான முடிவு அது. மொழியாண்டை எந்த ஊரில் கழிப்பது என்பதும் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. ஆண்டு முடிவில் சி1 எட்ட வேண்டும், எட்டாவிட்டால் உதவித்தொகையே ஆட்டம் காணும். ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்க, தேர்வாகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். மாதப் பணம் துருக்கி நாணயமான லீராவில் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2022 அக்டோபரில் அங்கே அதிகாரப்பூர்வ பணவீக்கமே 85 சதவீதத்தைத் தாண்டியது. போன ஆண்டு படித்தவர் சொல்லும் செலவுக் கணக்கை இந்த ஆண்டு அப்படியே நம்பிப் போகக் கூடாது. யூரோவில் கட்டணம் கட்டிப் போகிறவருக்கும் இதே எச்சரிக்கைதான். வீட்டு வாடகை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

மற்றவை

யூனுஸ் எம்ரே நிறுவனம் 2009 முதல் பல நாடுகளில் பண்பாட்டு மையம் நடத்துகிறது. ஏற்கெனவே அதன் மையங்களிலோ பல்கலைக்கழகத் துருக்கியியல் துறைகளிலோ படிப்பவர்களை ஏறத்தாழ ஒரு மாதக் கோடைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறது. காலையில் பாடம், பிறகு எப்ரு எனும் நீர்மேல் ஓவியம், நாட்டுப்புற நடனம், ஊர் ஊராகச் சுற்றுலா. இனிமையான மாதம்தான். ஆனால் பேருந்தில் கூட்டமாகப் போய்வருகிறவர்களுக்குத் தனியாகப் பேச வாய்ப்பு குறைவு. பண்பாட்டைப் பார்க்கலாம், அதற்குள் இறங்க நேரம் போதாது.

தனியார் பள்ளிகளில் எந்த மாதமும் சேரலாம், மாலை வகுப்பும் கிடைக்கும். சேரும் முன் துருக்கியக் கல்வி அமைச்சகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அனுமதி இல்லாத பள்ளியின் கடிதத்தை வைத்துக் குடியிருப்பு அனுமதி வாங்க முடியாது.

அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழ் மாணவர்களுக்கு அந்நாட்டு வெளியுறவுத் துறையின் கிரிட்டிகல் லாங்குவேஜ் ஸ்காலர்ஷிப் பட்டியலில் துருக்கி மொழியும் உண்டு. முழுச் செலவும் அரசுடையது. தகுதி இருந்தால் முதலில் அதற்குத்தான் முயல வேண்டும்.

தனிச்சுவை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். அய்வாலிக் அருகே ஜுண்டா தீவில் ஹார்வர்டும் கோச் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒட்டோமான் துருக்கி மொழிக்கான கோடைப் பள்ளி நடத்திவந்தன. 1928-இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு நாடு மாறியதால், இன்றைய துருக்கியர் பெரும்பாலோருக்குத் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல்லறை எழுத்தையே படிக்க வராது. ஆவணக் காப்பகத்தில் உட்கார நினைக்கிறவருக்கு அந்தப் பழைய எழுத்து கட்டாயம் வேண்டும். இன்றைய மொழி கைவந்த பிறகு தேட வேண்டிய படிப்பு இது.

காகித வேலை

பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்குச் சேர்ந்தவருக்கு மாணவர் குடியிருப்பு அனுமதி கிடைக்கும். மொழிப் பள்ளியில் மட்டும் சேர்ந்தவருக்குக் குறுகிய கால அனுமதிதான். மொழி கற்பதற்கான அந்த அனுமதியைச் சட்டப்படி இரண்டு முறைக்கு மேல் வாங்க முடியாது. படிப்பு ஓராண்டுக்குக் குறைவு என்றால் அனுமதியும் படிப்புக் காலத்தோடு முடிந்துவிடும். 'சும்மா ஒரு மாதம் சேர்ந்து பார்ப்போம், அப்புறம் நீட்டிக்கொள்ளலாம்' என்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டில் ஒரு வாய்ப்பை ஒரு மாதத்துக்காகச் செலவழிக்க வேண்டாம்.

இந்தியர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2025 மே மாதம் இந்திய–துருக்கிய உறவு கசந்தபோது, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் மலாத்யாவின் இனோனு பல்கலைக்கழகத்தோடு செய்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. ஜாமியா மில்லியாவும் துருக்கிய நிறுவனங்களுடனான ஒப்பந்தங்களை நிறுத்தியது. உங்கள் கல்லூரி வழியாக மாணவர் பரிமாற்றத்தில் போகலாம் என்று நினைத்திருந்தால், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, என்னைக் கேட்டால்? பட்டமும் அங்கேதான் என்றால் உதவித்தொகை. ஆய்வாளர், அடிப்படை ஏற்கெனவே கைவசம் என்றால் போவாஸிச்சி. மொழியும் மக்களும்தான் வேண்டும், ஆறு மாதம் ஒதுக்க முடியும் என்றால், யோசிக்காமல் அங்காராவோ எஸ்கிஷெஹிரோ. ஒரு மாதம்தான் இருக்கிறது என்பவர் கட்டணம் கட்டி ஏ1 வகுப்பில் உட்காரப் போக வேண்டாம். யூனுஸ் எம்ரே நிறுவனத்தின் இணையதளத்தில் தொடக்கநிலைப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எண்கள், நேரம் சொல்வது, கடையில் கேட்பது வரை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, அங்கே நிலைத்தேர்வு எழுதி ஏ2-இல் சேரலாம்.